சொந்தச் சபையிலேயே எதற்குச் சான்றிதழ்?

கேள்வி: தென்மாவட்டத்தில் ஒரு கிராமச் சபையில் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் தொடங்கிய ஊழியம். அன்று என்னிடம் படித்தவர்களின் பிள்ளைகள் இன்று என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த ஆண்டு விடுமுறை வேதாகமப் பள்ளி தொடங்குவதற்கு முன் சேகரக் கமிட்டி எங்கள் எல்லாரிடமும் ஒரு படிவம் கொடுத்தது. காவல்துறையில் சரிபார்ப்புச் சான்று வாங்க வேண்டுமாம், இரண்டு பேர் எங்களுக்காகச் சாட்சி சொல்ல வேண்டுமாம், ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாதாம். ஞானஸ்நானம் எடுத்த நாளிலிருந்து என்னைத் தெரிந்த சபை என்னைச் சந்தேகப்படுகிறதா? சம்பளம் வாங்காமல் உழைக்கிற எங்களுக்கு ஏன் இதெல்லாம்? அப்படியே சான்று வாங்கிவிட்டால், தப்பு நடக்காமல் போய்விடுமா?

பதில்: அன்புச் சகோதரி, மூன்றாவதாகக் கேட்டீர்களே, அது அருமையான கேள்வி. படிவத்தை அச்சடித்த கமிட்டியில் எத்தனை பேர் அதை யோசித்திருப்பார்களோ! அதிலிருந்தே தொடங்குகிறேன். அதற்குப் பதில் கிடைத்தால் முதல் இரண்டும் தாமாகவே தீர்ந்துவிடும்.

சான்று மட்டும் போதாது. காவல்துறைச் சரிபார்ப்பு என்பது ஒருவர் மேல் வழக்கு உண்டா என்று காவல்துறைப் பதிவேடுகளில் தேடிப் பார்ப்பது. பதிவாகாத குற்றம் அதில் தெரியாது. குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களில் பெரும்பகுதி பதிவாவதே இல்லை என்பதுதான் சிக்கல். ஆஸ்திரேலியாவில் 2013 முதல் 2017 வரை ஒரு அரச விசாரணை ஆணையம் சபைகள், பள்ளிகள், காப்பகங்கள் எல்லாவற்றிலும் நடந்தவற்றை விசாரித்தது. சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் அதை வாய் திறந்து ஒருவரிடம் சொல்லச் சராசரியாக 23.9 ஆண்டுகள் ஆயின என்று அது கண்டது. ஒன்பது வயதில் நடந்ததை முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயதில் சொல்கிறார்கள். அத்தனை காலமும் குற்றம் செய்தவரின் கையில் சுத்தமான சான்று இருந்திருக்கும். அதைக் காட்டி அவர் எந்தச் சபையிலும் வகுப்பெடுத்திருக்கலாம்.

அப்படியானால் சான்று எதற்கு? ஏற்கெனவே வழக்கில் சிக்கியவர் ஊர் மாறி, சபை மாறி வந்து பிள்ளைகளிடம் சேர்வதை அது தடுக்கும். அந்த அளவுக்கு அது அவசியம்தான். ஆனால் சான்று வாங்கிக் கோப்பில் போட்டதோடு வேலை முடிந்தது என்று ஒரு கமிட்டி நினைத்தால், சான்று இல்லாத காலத்தைவிட அது ஆபத்து. 'எல்லாரும் சரிபார்க்கப்பட்டவர்கள்' என்ற நிம்மதியில் கண்கள் மூடிக்கொள்ளும்.

இதற்கு அடியில் இன்னொரு தவறான எண்ணம் இருக்கிறது. உங்கள் வருத்தமும் அங்கிருந்துதான் வருகிறது. ஆபத்து வெளியாளிடமிருந்து வரும், நமக்குத் தெரிந்தவர்களிடம் பிள்ளை பத்திரமாக இருக்கும் என்று தலைமுறை தலைமுறையாக நம்பி வந்திருக்கிறோம். பூச்சாண்டி கதையிலிருந்து பிள்ளைபிடிக்கிறவன் வதந்தி வரை எல்லாம் இதையே சொல்கின்றன. உண்மை நேர்மாறானது. இந்தியாவில் பதிவாகும், குழந்தைகள் மீதான பாலியல் வன்முறை வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல், குற்றம் சாட்டப்பட்டவர் அந்தக் குழந்தைக்குத் தெரிந்தவர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு ஆண்டுதோறும் காட்டுகிறது. மத்திய அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் பதின்மூன்று மாநிலங்களில் நடத்திய ஆய்வு 2007இல் வெளியானபோதும் இதே செய்திதான்: அத்துமீறியவர்களில் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், அல்லது குழந்தை நம்பிப் பழகும் பொறுப்பில் இருந்தவர்கள். பெரும்பாலான குழந்தைகள் அதை யாரிடமும் சொல்லவில்லை.

'எங்களை எல்லாருக்கும் தெரியுமே' என்ற ஒன்றை வைத்துக்கொண்டு எந்தச் சபையும் விதிவிலக்குக் கொடுக்க முடியாது என்பது இதனால்தான். நான் உங்களைச் சொல்லவில்லை. உங்களைப் போன்ற ஐம்பது நல்லவர்களுக்கு நடுவே ஒருவர் வேறு மாதிரி இருந்தால், அவரும் இதே வாக்கியத்தைத்தான் சொல்வார். அதைக் கேட்டு அவரையும் உங்களையும் பிரித்தறிய யாராலும் முடியாது.

இங்கிலாந்துத் திருச்சபையில் நடந்த ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஊதியம் வாங்காத ஊழியருக்கு எதற்கு விதி என்ற உங்கள் இரண்டாம் கேள்விக்கு அதைவிடத் தெளிவான பதில் இல்லை. ஜான் ஸ்மைத் என்பவர் லண்டனில் பெயர் பெற்ற மூத்த வழக்கறிஞர். குருவானவர் அல்ல, சபையில் பிரசங்கம் செய்ய அனுமதி பெற்றிருந்த விசுவாசி. புகழ்பெற்ற தனியார் பள்ளிகளின் மாணவர்களுக்காக நடந்த கிறிஸ்தவ விடுமுறை முகாம்களில் 1970களில் முன்னணியில் இருந்தார். முகாமை நடத்திய அறக்கட்டளைக்குத் தலைவராகவும் இருந்தார். முகாமில் பழகிய பையன்களைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போவார். தோட்டத்துக் கொட்டகையில் வைத்துப் பிரம்பால் இரத்தம் வரும் வரை அடிப்பார். பாவத்திலிருந்து விடுபட இதுதான் வழி என்று அந்தப் பையன்களை நம்ப வைத்திருந்தார்.

1982இல் முகாமோடு தொடர்புடைய ஒரு குருவானவர் இதை விசாரித்து அறிக்கை எழுதினார். அதைச் சிலர் படித்தார்கள். படித்தவர்கள் காவல்துறைக்குப் போகவில்லை. ஊழியத்தின் பெயர் கெட்டுவிடக் கூடாது என்று பார்த்தார்கள். 1984இல் ஸ்மைத் ஜிம்பாப்வேக்குக் குடிபோனார்; அங்கும் பையன்களுக்கு முகாம்கள் நடத்தினார். பிறகு தென்னாப்பிரிக்கா. 2017இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி வெளியிட்ட பிறகுதான் உலகுக்குத் தெரிந்தது. 2018இல், ஒரு நாள்கூட நீதிமன்றத்தில் நிற்காமலே அவர் இறந்தார். திருச்சபை நியமித்த விசாரணையின் அறிக்கை 2024 நவம்பரில் வெளிவந்தது. அடுத்த சில நாளிலேயே கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி பதவி விலகுவதாக அறிவித்தார். நம் தென்னிந்தியத் திருச்சபையும் அங்கம் வகிக்கும் ஆங்கிலிக்கன் ஐக்கியத்தின் தலைமைப் பேராயராக அப்போது இருந்தவர் அவர். விஷயம் 2013இல் தம் கவனத்துக்கு வந்தபோது, காவல்துறைக்குச் சொல்லப்பட்டாயிற்று என்று நம்பி விட்டுவிட்டதை ஒப்புக்கொண்டே விலகினார்.

இதில் எந்தச் சான்றிதழாலும் அந்த மனிதரைப் பிடித்திருக்க முடியாது. படித்தவர், பக்திமான், சம்பளம் வாங்காமல் உழைத்தவர், செல்வாக்குள்ளவர். ஆனால் மூன்று எளிய விதிகள் இருந்திருந்தால் அவரால் ஒன்றும் செய்திருக்க முடியாது: முகாம் தலைவர் ஒரு பையனைத் தனியாகத் தன் வீட்டுக்கு அழைத்துப்போகக் கூடாது, எந்தக் காரணத்துக்காகவும் ஒரு பிள்ளையை அடிக்கக் கூடாது, தெரியவந்ததைத் தெரிந்தவர் உடனே காவல்துறையிடம் சொல்ல வேண்டும். விதிகள் எதை நோக்கியவை என்பது இப்போது தெரிந்திருக்கும். யார் கெட்டவர் என்று கண்டுபிடிக்கும் வேலையை அவை விட்டுவிடுகின்றன, அது நம்மால் முடியாத வேலை என்பதால். தப்பு நடப்பதற்கு வேண்டிய தனிமையையும் மௌனத்தையும் இல்லாமல் செய்கின்றன.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் காணிக்கையை எப்படி எண்ணுகிறீர்கள்? கோயில்பிள்ளை பையைக் கொண்டுவந்து கொட்டுவார், இரண்டு மூன்று பேர் சேர்ந்து எண்ணுவார்கள், நோட்டில் கையெழுத்துப் போடுவார்கள். பொருளாளர் எவ்வளவு நேர்மையானவரானாலும் தனியாக எண்ண மாட்டார். எண்ணவும் விரும்ப மாட்டார். அவரை யாரும் திருடன் என்று நினைக்கவில்லை. எருசலேம் ஏழைகளுக்கான பணத்தைக் கொண்டுபோகும்போது பவுல்கூடத் தனியே போகாமல் சகோதரர்களைச் சேர்த்துக்கொண்டார். யாரும் குறை சொல்ல இடம் வைக்கக் கூடாது என்பதற்காக. பணத்துக்குச் செய்கிற அந்த ஏற்பாட்டைப் பிள்ளைகளுக்கும் செய்யச் சொல்கிறது உங்கள் படிவம்.

இங்கே ஒரு சொல்லைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். குழந்தைப் பாதுகாப்புத் துறையில் 'க்ரூமிங்' என்பார்கள். தப்பு செய்ய நினைக்கிறவர் பிள்ளையையும் வீட்டாரையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் வசம் கொண்டுவருவது அது. முதலில் வசமாகிறவர்கள் பெரியவர்களே. அப்பா வெளிநாட்டில் இருக்கிற வீடு, அம்மா பீடி சுற்றிக் குடும்பம் நடத்துகிற வீடு என்று பார்த்து, உதவிக்கு ஆளில்லாத இடத்தில் உதவிக்கு வந்து நிற்பார். பாட்டுப் பயிற்சி முடிந்ததும் பைக்கில் கொண்டுவந்து விடுவார். கீபோர்டு தனியாகச் சொல்லிக்கொடுப்பார், செல்போனுக்கு ரீசார்ஜ் பண்ணிவிடுவார். 'அண்ணன் மாதிரி யார் இருக்கா' என்று வீட்டிலேயே சொல்ல ஆரம்பித்த பிறகுதான் எல்லை தாண்டுவார். அதற்குள் அந்தப் பிள்ளை சொன்னாலும் நம்ப ஆளிருக்காது. இதே உதவிகளை எத்தனையோ நல்லவர்களும் செய்கிறார்கள் என்பது உண்மை. அதனாலேயே உதவியை நிறுத்தச் சொல்லாமல், அதை எல்லாரும் பார்க்கிற இடத்துக்குக் கொண்டுவரச் சொல்கிறோம்.

'தனியாக இருக்கக் கூடாது' என்ற விதியைச் சிலர், பிள்ளையிடம் மனம்விட்டுப் பேசவே கூடாது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. அழுகிற பிள்ளையைக் கோயில் திண்ணையில் உட்கார வைத்துப் பேசுங்கள். பேச்சு மற்றவர் காதில் விழ வேண்டாம், நீங்கள் இருவரும் மற்றவர் கண்ணில் பட்டால் போதும். வகுப்புக்கு இரண்டு ஆசிரியர், கதவு திறந்திருக்கட்டும். அந்த இரண்டு பேர் கணவன் மனைவியாகவோ அண்ணன் தம்பியாகவோ இல்லாமலிருப்பது நல்லது, ஒரே வீட்டார் ஒருவரையொருவர் காட்டிக்கொடுப்பது கடினம். கழிப்பறை பெரும்பாலும் கோயிலுக்குப் பின்னால் மதிலோரம் இருக்கும். சின்னப் பிள்ளைகளை இரண்டிரண்டாக அனுப்பி, பெரியவர் வெளியிலேயே நிற்க வேண்டும். பிள்ளையின் செல்போனுக்கு ஆசிரியர் தனியாக வாட்ஸ்அப் அனுப்ப வேண்டாம். பெற்றோரும் இருக்கிற குழுவில் போடுங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது டிசம்பர் மாதக் கேரல் ரவுண்ட்ஸ். பல சேகரங்களின் பாதுகாப்பு விதிகளில் அதைப் பற்றி ஒரு வரி இருக்காது. வகுப்பறைக்கு விதி எழுதுகிறவர்கள், பிள்ளைகள் மிகவும் தளர்ந்து, மிகவும் இருட்டில், பெரியவர்களின் கவனம் மிகவும் சிதறிக் கிடக்கும் அந்த இரவுகளை மறந்துவிடுகிறார்கள். ராத்திரி எட்டு மணிக்கு டிரம்மும் கிறிஸ்மஸ் தாத்தாவுமாக வேன் கிளம்பும். வீட்டுக்கு வீடு டீயும் கேக்கும். ஒரு மணிக்கு மேல் சின்னதுகள் வேனிலேயே தூங்கிவிடும். 'இவனை நான் கொண்டுபோய் விட்டுட்டு வந்திடறேன்' என்று யாராவது சொல்வார்கள், மற்றவர்கள் அடுத்த வீட்டுக்குப் பாட்டு எடுக்கும் அவசரத்தில் தலையாட்டுவார்கள். எந்தப் பிள்ளையை யார், எத்தனை மணிக்கு, எந்த வீட்டில் விட்டார் என்று மறுநாள் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

வேண்டியது ஒரு நாற்பது பக்க நோட்டு. வேனில் ஏறும்போது பிள்ளையின் பெயர், வீட்டு எண். இறங்கும்போது நேரம், வாங்கிக்கொண்ட பெரியவரின் பெயர். கொண்டுபோய் விடுகிறவர்கள் எப்போதும் இரண்டு பேர். பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பத்து மணிக்குமேல் ரவுண்ட்ஸில் வேண்டாம் என்று முடிவெடுத்தால் இன்னும் நல்லது. உங்கள் படிவத்தில் இது இல்லையென்றால் கமிட்டியிடம் கேட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள்.

இனி சட்டம். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டத்தை, போக்சோ என்கிறோமே அதை, நாடாளுமன்றம் 2012இல் நிறைவேற்றியது. பதினெட்டு வயது நிரம்பாத எல்லாரும் அதன்படி குழந்தைகள். மத நிறுவனத்தின் நிர்வாகத்திலோ பணியிலோ இருப்பவர் அங்குள்ள குழந்தைக்கு எதிராகச் செய்யும் குற்றத்தை அது 'கடுமைமிக்க' குற்றமாக வைத்திருக்கிறது. அதாவது சாதாரண ஆளுக்கு உள்ளதைவிடக் கூடுதல் தண்டனை. 2020இல் வந்த விதிகள், குழந்தைகள் தொடர்ந்து வந்துபோகும் நிறுவனங்கள் தம் பணியாளர்களைக் காவல்துறை மூலம் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும் என்கின்றன. குழந்தைகளோடு தொடர்புள்ள அமைப்புகள் எல்லாம், மாநில அரசு வகுக்கும் குழந்தைப் பாதுகாப்புக் கொள்கையை ஏற்று நடக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. பணியாளர் என்றுதான் எழுதியிருக்கிறது, தன்னார்வலர் என்று எழுதவில்லை என்று உங்கள் சபையில் யாராவது வாதாடலாம். டீச்சருக்குச் சம்பளம் உண்டா இல்லையா என்று பார்த்தா பிள்ளை உங்கள் மடியில் வந்து உட்காருகிறது? கமிட்டி உங்களையும் சேர்த்தது சரியே.

ஆனால் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு எல்லாருக்கும் பொருந்தும்; சம்பளக்காரர், தன்னார்வலர் என்ற பேதமே அதில் இல்லை. குற்றம் நடந்தது என்று தெரிந்தவரும், நடக்கக்கூடும் என்று அஞ்சுகிறவரும் காவல்துறையிடம் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ. நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் தமக்குக் கீழே உள்ளவர் செய்ததை மறைத்தால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும். 'முதலில் ஐயரிடம் சொல்வோம், கமிட்டி விசாரிக்கட்டும், உண்மையென்று தெரிந்தால் பார்ப்போம்' என்று எத்தனையோ சபைகளில் நினைக்கிறார்கள். ஐயரிடம் சொல்லுங்கள், தப்பில்லை. அதோடு நின்றால்தான் தப்பு. விசாரிப்பது சபையின் வேலை இல்லை. வேதாகமத்தில் ஆசாரியர் ஏலி தன் மகன்கள் ஓப்னியும் பினெகாசும் செய்ததை ஊரார் வந்து சொல்லக் கேட்டார், கண்டித்தார், ஆனால் பொறுப்பிலிருந்து இறக்கவில்லை. சாமுவேல் என்ற சிறுபிள்ளை வளர்ந்தது அதே வீட்டில் என்பதை நம் பிரசங்கங்களில் இன்னும் அடிக்கடி சொல்ல வேண்டும்.

ஒரு பிள்ளை உங்களிடம் வந்து சொன்னால் என்ன செய்வது? குறுக்கே பேசாமல் கேளுங்கள். 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள், அதைக் காப்பாற்ற உங்களால் முடியாது. துருவித் துருவிக் கேட்க வேண்டாம். நீங்கள் எடுத்துக்கொடுக்கிற வார்த்தைகள் பிள்ளையின் சாட்சியத்தில் கலந்துவிடும். நீ சொன்னது நல்லது, உன் மேல் தப்பில்லை என்று சொல்லுங்கள். அன்றைக்கே பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே எழுதித் தேதி போட்டு வையுங்கள். பிறகு காவல் நிலையம், அல்லது 1098. குழந்தைகளுக்கான இந்த எண் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும். நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மேல் வழக்குப் போட முடியாது என்று அதே சட்டம் சொல்கிறது. பிள்ளையை ஸ்டேஷனுக்கு இழுப்பார்களே என்றும் பயப்பட வேண்டாம். வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, கூடிய மட்டும் உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத ஒரு பெண் அதிகாரி, சீருடை அணியாமல் வந்து வாங்க வேண்டும். இரவில் எந்தப் பிள்ளையையும் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது.

கடைசியாக உங்கள் முதல் கேள்வி. சபை உங்களைச் சந்தேகப்படுகிறதா? படிவம் ஆசிரியைகளுக்கு மட்டும் வந்திருந்தால், ஆம், உங்கள் வருத்தம் நியாயமானது. ஐயர், உபதேசியார், கமிட்டி அங்கத்தினர், பாடகர் குழுத் தலைவர், கோயில்பிள்ளை, வேன் ஓட்டுகிறவர் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்களா என்று பாருங்கள். யாருக்கு விலக்குக் கொடுத்தார்களோ அங்கே ஓட்டை விழுந்துவிட்டது. பெரும்பாலும் செல்வாக்குள்ளவருக்கே விலக்குக் கிடைக்கும். கமிட்டியும் படிவத்தை நீட்டிவிட்டு ஒதுங்காமல், ஆசிரியர்களைக் கூட்டி உட்கார வைத்து இதெல்லாம் எதற்கு என்று அரை மணி நேரம் விளக்கியிருக்க வேண்டும். அப்படிச் செய்திருந்தால் எனக்கு இந்தக் கடிதம் வந்திருக்காது.

நீங்கள் கையெழுத்துப் போடுங்கள் சகோதரி. தலைமுறை கண்ட ஆசிரியை முதல் ஆளாகப் போட்டால், நேற்று வந்த வாலிபர் யாரும் 'என்னை எதற்குக் கேட்கிறீர்கள்' என்று முறைக்க முடியாது. போட்ட கையோடு கமிட்டியிடம் இரண்டு காரியம் கேளுங்கள்: கேரல் ரவுண்ட்ஸுக்கு ஒரு நோட்டு வேண்டும்; ஓய்வுநாள் பள்ளிச் சுவரில் 1098 என்ற எண்ணை, பிள்ளைகளின் கண்மட்டத்தில், பெரிதாக எழுதி வைக்க வேண்டும்.